விண் தொட்ட கதை – 7: கொட்டகையில் பிறந்த கோள்

1971 டிசம்பர் 30 அன்று கோவளத்து விடுதியில் விக்ரம் சாராபாய் உயிரற்றுக் கிடந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவருக்கு வயது 52. அவர் போட்டுவைத்த பாதையில் இனி யார் நடப்பது?

ஐந்தே மாதத்தில் விடை வந்தது. 1972 மே மாதம் சோவியத் அறிவியல் கழகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கோள் நம்முடையது, ஏற்றிச் செல்லும் ராக்கெட் அவர்களுடையது, அதுவும் இலவசம். பொறுப்பேற்றவர் யு.ஆர். ராவ். இந்தியாவில் அதற்குமுன் எவரும் செயற்கைக்கோள் செய்ததில்லை என்பதால், குறை சொல்லவும் ஆளில்லை!

இடம், பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைகள். செயற்கைக்கோளுக்குத் தூசியே முதல் எதிரி. பட்டறைகள் சூழ்ந்த பேட்டையிலோ தூசிக்குப் பஞ்சமில்லை. அதற்குள்ளேயே தூசி புகாத அறைகளைக் கட்டிக்கொண்டார்கள். தரவுகளைப் பெறும் நிலையத்துக்கு இடம் போதவில்லை. கழிப்பறை ஒன்றை மாற்றியமைத்தார்கள். விழா மேடைகளில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அந்தக் கழிப்பறைதான்.

உருவானது 26 முகங்கள் கொண்ட ஒரு பெட்டகம். எடை 360 கிலோ. 1970இல் சீனா ஏவிய முதல் கோள் 173 கிலோதான். அந்தக் கணக்கு இரு தலைநகரங்களிலும் யார் மனதிலும் ஓடவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

பெயர்? ஆர்யபட்டா, மித்ரா, ஜவஹர் என்று மூன்று பெயர்கள் இந்திரா காந்தியின் மேசைக்குப் போயின. தந்தையின் பெயரை விட்டுவிட்டு, கணித மேதையின் பெயரை அவர் எடுத்தார்.

1975 ஏப்ரல் 19. காபுஸ்தின் யார் ஏவுதளம். இந்திய நேரம் பகல் ஒரு மணி. ராக்கெட் பிசகில்லாமல் எழும்பியது. கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. எக்ஸ் கதிர், சூரியனின் நியூட்ரான்கள், அயனி மண்டலம் என்று ஆராய மூன்று கருவிகள் உள்ளே இருந்தன. பூமியில் இனிப்பு தீர்வதற்குள், நான்கே நாளில், மேலே மின்சாரம் தடுமாறியது.

கருவிகளுக்குப் போகும் மின்தடம் செத்துவிட்டது. சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் ஃபியூஸ் மாற்ற யார் போவது? மூன்று கருவிகளும் ஊமையாயின. கோளின் உயிராவது மிஞ்சுமா?

(தொடரும்)