மொறிஸ் மைனரும் இலக்கத் தகடும்

அரசர் காலத்து வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டுக்களைத் தேடிச் செல்வர். இருபதாம் நூற்றாண்டு இலங்கையின் வரலாற்றில் ஒரு பகுதி, மோட்டார் கார்களின் முன்னும் பின்னும் பூட்டப்பெற்ற தகரத் துண்டுகளிலே எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலோ, கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலோ பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்குமானால், அந்நாட்களை அறிந்த முதியவர்களின் கண் அதன் இலக்கத் தகட்டிலே ஒரு கணம் தங்காமற் போகாது. வண்டி எக்காலத்தில் பதிவாயிற்று என்பதை அதிலுள்ள எழுத்தே சொல்லிவிடும். அந்த எழுத்தினாலே விளைந்தவற்றைச் சொல்வதற்குத் தகடு தேவையில்லை. பார்ப்பவருக்கே அது தெரியும்.

பழைய கார்களிலே மோகங் கொள்வது உலகெங்கும் காணப்படும் வழக்கமே. அமெரிக்காவில் அம்மோகத்துக்கு உரியவையாய் விளங்குபவை 1960களில் வெளிவந்த பெருவலி படைத்த கார்கள். 'மசில் கார்' என்பது அந்நாட்டார் அவற்றுக்கு இட்ட பெயர். தமிழில் புஜபலக் கார் எனலாம். 1964ஆம் ஆண்டுக்குரிய பொன்ரியக் ஜீ.ரீ.ஓ. காரின் யந்திரம் 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 குதிரைச் சக்தியும் உடையது. அதே ஆண்டு ஏப்பிரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே போர்ட் மஸ்ராங் அறிமுகமாயிற்று. அக்காலத்தில் உற்பத்தியான மொறிஸ் மைனரின் யந்திரமோ 1,098 கன சென்ரிமீற்றர்; அதன் வலு 48 குதிரைச் சக்தி. ஏறக்குறைய ஏழு மைனர்களை ஒன்றாகக் கட்டினாலன்றி ஒரு பொன்ரியக்கின் வலு வராது.

இலங்கை அமெரிக்கக் கார்களை அறியாத நாடன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் போர்ட், செவ்றோலே, பியூக், டொட்ஜ் முதலிய வண்டிகள் இங்கு ஓடின. பிரித்தானியா நீங்கலாகப் பேரரசின் ஏனைய நாடுகளுக்குப் போர்ட் வண்டிகளை அனுப்பும் உரிமை கனடாவிலுள்ள போர்ட் கம்பெனியிடம் இருந்தமையால், 'அமெரிக்கன் கார்' என்று பேசப்பட்ட போர்ட் வண்டிகள் பல கனடாவிலே செய்யப்பட்டவையாகும். போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. ஸ்ரேலிங் நாணய வட்டத்தைச் சேர்ந்த நாடுகள் யாவும் டொலரைச் சிக்கனமாகச் செலவிடவேண்டியிருந்தன; டொலர் கொடுத்து வாங்கும் பெரிய வண்டிக்குப் பதிலாகப் பவுண் கொடுத்து வாங்கும் சிறிய வண்டியே கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியது. ஒஸ்ரின், ஹில்மன், போர்ட் பிறிபெக்ற், எல்லாவற்றுக்கும் மேலாக மொறிஸ் மைனர்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலே அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அதற்குச் சில காலம் முன்னர், மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றுகிறதெனக் கருதிய இசிகோனிஸ், அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, நடுவிலே 4 அங்குலம் கூட்டிப் பொருத்தினார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த அறுவையின் அடையாளமாகும். கம்பெனியின் தலைவரான நபீல்ட் பிரபு, வேகவைத்த முட்டை போலிருக்கிறதென்று அதனை இகழ்ந்தார் எனக் கூறுவர். இகழப்பட்ட முட்டையே பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதலாக எட்டியது. அது 1960ஆம் ஆண்டின் முடிவில்.

கொழும்பிலே அரசாங்க உத்தியோகத்தரும் வைத்தியரும் வழக்கறிஞரும் விரும்பி வாங்கிய வண்டி அது. வெள்ளவத்தையிலே குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அதனால் வேறொரு பயனும் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை வந்தால், புகையிரதத்துக்குக் காத்திராமல், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என ஏறக்குறைய 250 மைல் ஓடி ஊர் சேரலாம். புதுக்கார் வந்தவுடன் பிள்ளையார் கோயில் வாசலிலே தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே அப்பயணம் தொடங்கும். திரும்பும் திசையைக் காட்டுவதற்குக் கதவோரத் தூணிலிருந்து சிறிய கை ஒன்று வெளியே நீளும். 1961 வரையில் மைனர்களுக்கு இருந்த அந்தக் கையைப் பிள்ளைகள் மறந்ததில்லை. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலே சொந்தக் கார் வைத்திருந்தோர் குறைவு. அப்பகுதி மக்களுக்கு மைனர் என்றால் மஞ்சட் கூரையுடைய வாடகைக் காரே. கலியாணமோ பிரசவமோ அதனை அழைக்கவேண்டும்.

இனி, தகட்டின் கதை.

1957க்கு முன்னர் பதிவான வண்டிகளின் தகட்டிலே, சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துக்களை இரண்டிரண்டாகக் கோத்து 'சீ எல்', 'ஈ என்', 'ஈ வை' எனப் பொறிப்பர். 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து, போக்குவரத்து அமைச்சராயிருந்த மைத்திரிபால சேனாநாயக்கவின் காலத்தில், 1957 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகள் சிங்களத்திலே எழுதிய 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கவேண்டுமென விதிக்கப்பட்டது. ஸ்ரீ என்பது வடசொல். தமிழர் தம் கலியாணப் பத்திரிகையின் தலைப்பிலும் கோயில்களின் பெயரிலும் எழுதிவரும் மங்கலச் சொல். சொல்லில் எவருக்கும் பகையில்லை. அது எந்த எழுத்திலே எழுதப்படவேண்டும் என்பதும், அதனை விதிப்பவர் யார் என்பதுமே கேள்வி. தமிழரசுக் கட்சியினர் தம் கார்களிலே தமிழ் 'ஸ்ரீ'யைப் பொறித்து ஓட்டினர். 1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டபொழுது, பிணக்குத் தணியுமென்ற நம்பிக்கை பிறந்தது.

அந்நம்பிக்கை ஓராண்டும் நிலைக்கவில்லை. 1958 ஜனவரியில் பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. மார்ச் மாதத்திலே சிங்கள 'ஸ்ரீ' தாங்கிய சபையின் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் தகடுகளிலே தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கிலே, கொழும்பு நகரிலுங்கூட, தமிழிலே எழுதிய பெயர்ப் பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்பிரல் 9ஆம் திகதி உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தின் பிற்பகுதியிலே கலவரம் மூண்டு, 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. வண்டிகளை வழிமறித்து, உள்ளிருப்பவர் எந்த இனத்தவரென வினாவும் கொடுமை அந்நாட்களிலே நிகழ்ந்தது. வீடிழந்து முகாம்களிலே தங்கிய கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். ஓரெழுத்தினால் மட்டும் இவையெல்லாம் நேர்ந்தனவென்று கூறுவது மிகையாகும். ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்த மொழிப் பிணக்கைத் தெருவிலே, யாவரும் நாள்தோறும் காணும்படி ஓடவிட்டது அவ்வெழுத்தேயாகும். பழைய 'ஈ என்'னும் 'ஈ வை'யும் தாங்கிய வண்டிகள் தம் தகட்டை மாற்றவேண்டியதில்லையாதலால், அப்பிணக்குக்கு முந்திய காலத்தின் அடையாளமாக அவை நின்றுவிட்டன.

அவை அத்தனை காலம் நின்றதற்குக் காரணம் பொருளாதாரமே. ஏற்றுமதிப் பொருள்களின் விலை தளர்ந்து, நாட்டின் அந்நியச் செலாவணி குறைந்தமையால், 1960களின் தொடக்கத்திலே கார் இறக்குமதி ஏறக்குறைய முற்றாக அடைபட்டது. 1970களில் உபாலி விஜேவர்த்தனவின் கம்பெனி பியற், மஸ்டா கார்களை உள்நாட்டிலே பொருத்தி விற்றதைத் தவிர, 1977 வரையில் சாதாரண மக்களுக்குப் புதுக்கார் என்பது எட்டாக்கனியாயிற்று. மஸ்ராங் உலகை மயக்கிய காலத்திலே, கொழும்பு தன்னிடமிருந்த வண்டிகளையே மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து ஓட்டியது.

அந்தப் பழுதுபார்ப்பு எளிய காரியமன்று. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே அடிச்சட்டம். வெள்ளவத்தையின் கடற்காற்றிலுள்ள உப்பு, கதவுக்குக் கீழான ஓரத் தகட்டையும் பின்வில் பொருந்துமிடத்தையும் தின்றுவிட்டால் வண்டியின் முதுகெலும்பே போனதாகும். முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால், மூட்டுக் கழன்று சக்கரம் மடிய, வண்டி நடுத்தெருவிலே முழந்தாளிடும். உதிரிப்பாகமோ கப்பலில் வராது. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையே கதியாயிற்று. கழித்துவிட்ட கார்களின் உறுப்புக்கள் அங்கே வகைவகையாய்த் தொங்கும். அங்கும் கிடையாததைக் கடைசற் பட்டறையிலே கடைந்தும், தகரத்தைத் தட்டி வளைத்தும், இறப்பரை வார்த்தும் செய்துகொண்டனர். இசிகோனிஸின் பெயரைக் கேள்விப்பட்டிராத மெக்கானிக்குகள், அவருடைய காரை அவர் நினைத்த ஆயுளைக் காட்டிலும் இருமடங்கு வாழவைத்தார்கள். புஜபலம் என்ற சொல் இவர்களுக்கே கூடுதலாகப் பொருந்தும்.

இத்திறமைக்கு ஒரு விசித்திரமான தொடர்ச்சியும் உண்டு. பிரித்தானியாவில் மைனரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலே நின்றுபோயிற்று. பாத் நகரிலே பழைய மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் தனபால சமரசேகரவுடன் சேர்ந்து காலியிலே ஒரு தொழிற்சாலை தொடங்குவித்தார். இங்கே கையால் அடித்த மைனர் தகடுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

1977க்குப் பின் யப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. வாடகை மைனர்களின் இடத்தை முச்சக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன. 1983 ஜூலையிலே காலி வீதி மறுபடியும் மறிப்புக்களைக் கண்டது. வாகனங்களிலிருந்து எடுத்த பெற்றோலைக்கொண்டே வாகனங்களையும் வீடுகளையும் கொளுத்தினர். வெள்ளவத்தைக் குடும்பங்கள் பலவற்றின் நினைவிலே காரின் கதை அந்த வாரத்துடன் முடிகின்றது. வடக்கே கதை வேறுவிதமாய்த் தொடர்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தின் 'ஏ போர்ட்டி' ஒஸ்ரின்களும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுகளும், தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் பெற்று, பின்னர் மண்ணெண்ணெயிலே புகைந்துகொண்டு ஓடின. புதிய வண்டிகளின் யந்திரம் அத்தகைய உணவை ஏற்றிராது.

'ஸ்ரீ' எழுத்துப் பின்னாளிலே தகட்டைவிட்டு நீங்கியது. சில காலம் வெறும் இலக்கங்கள் மட்டும் வழங்கின. 2000ஆம் ஆண்டு முதல் மாகாணத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்கள் வந்தன. தமிழெழுத்து எக்காலத்தும் அதில் இடம்பெறவில்லை. 2020 மார்ச்சிலே செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கதவு மீண்டும் மூடப்பட்டது. தனியார் கார்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலே 2022இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில், எந்த வண்டிக்கு எந்த நாளில் பெற்றோல் என்பதைத் தகட்டின் கடைசி இலக்கத்தைக்கொண்டு வகுத்தார்கள். 'ஈ என்' ஆயினும், சிங்கள 'ஸ்ரீ' ஆயினும், வெற்றிலக்கமாயினும், ஆங்கில எழுத்தாயினும் எரிபொருள் நிலையத்தார் எழுத்தைப் பார்க்கவில்லை. கடைசி இலக்கத்தையே பார்த்தார்கள்.