அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது!



சுங்கை பாக்காப்பில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், 1997ஆம் ஆண்டில் கணக்கு எழுதுவதற்கென்று கணினி ஒன்று வாங்கினார். விண்டோஸ் 95 என்னும் இயங்குதளம் அதில் இருந்தது. ஒரு நாள் மாலை, திரையில் ஆங்கில அறிவிப்பு ஒன்று தோன்றியது. ‘இந்த நிரல் இல்லீகல் ஆப்பரேஷன் செய்துவிட்டது, ஆகவே மூடப்படும்’ என்பது அதன் பொருள். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் ‘இல்லீகல்’ என்றால் சட்டவிரோதம் என்று தெரியும். பள்ளிவிட்டு வந்து கணினியில் விளையாடும் மகன்தான் தகாத காரியம் எதையோ செய்துவிட்டான் என்று அவனை அடித்துவிட்டார். இரண்டு நாள் கணினியைத் துணி போட்டு மூடியும் வைத்தார்.

கேட்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பையனுக்கு வந்திருக்காது.

நடந்தது என்ன? கணினிக்குள் இருக்கும் சில்லு, தனக்குப் புரியாத கட்டளை வந்தாலும், நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டாலும், வேலையை நிறுத்தி இயங்குதளத்திடம் முறையிடும். சதுரங்கத்தில் குதிரையை நேராக நகர்த்தினால் ‘அது செல்லாது’ என்கிறோம் அல்லவா? பொறியாளர் பேச்சில் ‘இல்லீகல்’ என்பது அவ்வளவுதான். அந்தப் பேச்சை அப்படியே கடைக்காரர் முன் வைத்ததுதான் கோளாறு.

இத்தகைய அறிவிப்புகள் பலவும் கணினி செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை. ‘எல்பி பூஜ்யம் தீப்பற்றி எரிகிறது’ என்பது அவற்றுள் புகழ்பெற்றது. லினக்ஸ் இயங்குதளத்தில், அச்சுப்பொறி ‘பிழை’ என்று மட்டும் சொல்லிக் காரணம் சொல்லாவிட்டால் இந்த வாசகம் வரும். தாள் தீரவில்லை, மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் கோளாறு என்றால் வேறென்ன, எரிகிறதோ என்னும் கிண்டல். ஆனால் முழுக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் நொடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் பொறி ஒன்று இருந்தது. மையைத் தாளில் பதிக்க அதில் ஒரு சூட்டடுப்பு. தாள் நடுவில் சிக்கினால் தீப்பிடிக்கும்; பொறி நிற்காவிட்டால் புதுத் தாளை நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்!

1985இல் வந்த அமிகா கணினி, நிலைகுலைந்தால் ‘குரு தியானம்’ என்று சிவப்பெழுத்தில் காட்டும். அதை உருவாக்கியவர்கள், இயங்குதளம் அடிக்கடி படுத்துவிட்ட எரிச்சலில், உடலைச் சாய்த்து விளையாடும் பலகை ஒன்றின்மேல் சம்மணமிட்டு அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்களாம். நம் ஊர்ச் சாமியார் அங்கே போனது இப்படி. பிற்காலப் பதிப்புகளில் அந்த வாசகத்தை மாற்றிவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு அந்தப் பலகையின் கதை எப்படித் தெரியும்?

இதில் நமக்கு உறுத்துவது ஒன்று உண்டு. சுங்கை பாக்காப்புக்கு எதிரே, கடலுக்கு அப்பால், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் இன்டெல் நிறுவனம் சில்லுகளை இணைத்துச் சோதித்து அனுப்பி வருகிறது. தொடக்க காலத்தில் அங்கே நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். (1975இல் அந்த ஆலை உண்மையாகவே எரிந்தது; பின்னர் மீண்டும் எழுந்தது.) சில்லு நம் மாநிலத்தார் கைபட்டுப் போயிற்று. சொற்கள் மட்டும் வேறெங்கோ எழுதப்பட்டு வந்தன.

பின்னாளில், தன்னார்வலர்கள் இயங்குதள அறிவிப்புகளைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். ‘பிழை’ என்று எழுதினால் ‘என் பிழையா?’ என்று தோன்றும். இலக்கணக்காரர்களின் ‘வழு’ நிரலின் குறையைச் சுட்ட வந்தது. யாரையும் குற்றம் சாட்டாத சொல் அது, எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கடைக்காரர் இப்போது கைப்பேசியைத் தமிழில் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று அது காட்டியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “யார் செஞ்ச தவறுன்னு போடலையே, தம்பி?” என்று மகனிடம் கேட்டார்.

கல்லாவில் நின்ற மகன், “நான் இல்லப்பா” என்றான்.