பள்ளிக்கூடத்தில் புவியியல்

பூகோளம் என்ற பழைய பெயரோடு பள்ளிக்கூடத்தில் நுழைந்த பாடம் நெடுங்காலம் வெறும் பெயர்ப் பட்டியலாகவே இருந்து வந்தது. முனை, குடா, மலை, ஆறு, தலைநகர் என மாணாக்கர் வரிசை பிறழாது ஒப்பித்தனர். ஓர் ஆறு ஏன் அவ்வழியே ஓடுகிறது என்று கேட்பாரும் அரியர்; சொல்வாரும் அரியர்.

இந்நிலை மாறுவதற்கு ஒரு போர் காரணமாயிற்று. 1870-71-இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரெஞ்சுக்காரர், தங்கள் நாட்டின் நிலத்தைத் தங்களைவிடப் பகைவரே நன்கறிந்திருந்தனர் என்று வருந்தினர். எமில் லெவசேர் என்னும் அறிஞரின் முயற்சியால் அங்குப் பள்ளிப் புவியியல் திருத்தம் பெற்றது. இங்கிலாந்தின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. உலகில் பெரும் பகுதியை ஆண்ட அந்நாட்டின் பள்ளிகளில் இப்பாடம் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்பதை அரச புவியியல் கழகத்திற்காக ஆய்ந்த ஸ்காட் கெல்ட்டி, 1885-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். ஈராண்டு கழித்து, இருபத்தைந்து வயதே நிரம்பிய மெக்கிண்டர், நிலத்தின் இயல்பையும் மனிதன் வாழ்வையும் இணைத்துக் காட்டுவதே புவியியல் என அக்கழகத்தார் முன் வாதிட்டார். 1893-இல் பள்ளியாசிரியர்கள் கூடிப் புவியியல் சங்கம் கண்டனர்.

மலாயாவுக்கு இக்காற்று தாமதமாகவே வீசிற்று. தேம்சு நதியை மனப்பாடம் செய்த மாணவனுக்குப் பகாங் ஆறு அயலானது! சிங்கப்பூரில் பேராசிரியராயிருந்த டோபி 1950-இல் எழுதிய தென்கிழக்காசியப் புவியியல் நூலும், 1953-இல் தொடங்கிய வெப்பமண்டலப் புவியியல் ஆய்விதழும் இவ்வட்டாரத்தையே ஆராயத்தக்க பொருளாக்கின. நாளடைவில் பள்ளிப் புத்தகங்களும் உள்ளூர் மண்ணை நோக்கித் திரும்பின. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானை வெள்ளத்தில் ஆழ்த்துவதற்கும், அதே காலத்தில் மேற்குக் கரை ஓரளவு தப்புவதற்கும் இடையே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரை மாணவன் காரணத்தோடு அறிந்தான். எனினும் மலேசியாவில் மேல் இடைநிலை வகுப்புகளில் இது விருப்பப் பாடமாகவே உள்ளது. அறிவியல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவருள் பலர் நிலப்படத்தை அத்துடன் மூடிவிடுகின்றனர். மருத்துவனுக்கும் பொறியியலாளனுக்கும் தான் நிற்கும் நிலம் வேண்டாததா?

2004 டிசம்பர் 26 இவ்வினாவைக் கடுமையாக எழுப்பிற்று. மலேசிய நேரப்படி காலை 8.58-க்குச் சுமத்ராவின் மேற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. அத்தீவு குறுக்கே கிடந்தமையால் தீபகற்பத்தின் பெரும்பகுதி காக்கப்பட்டது. ஆயினும் வட முனையைச் சுற்றி வந்த அலை பினாங்கையும் கெடாவையும் நண்பகலுக்குப் பின் தாக்கியது. இடையில் நான்கு மணி நேரம் இருந்தும் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். நாகப்பட்டினத்திற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அங்கு மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

நடுக்கத்தின் அண்டையிலேயே இருந்த சிமெலுவே தீவிலோ, ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தவர் எழுவரே. 1907-இல் வந்த பேரலையை அங்குள்ள முதியோர் 'ஸ்மோங்' என்ற சொல்லில் பொதிந்து பேரர்களுக்குச் சொல்லி வைத்திருந்தனர்: நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு! பினாங்குக் கரையிலும் நாகைக் கரையிலும் அத்தகைய பாட்டி கதை இல்லை. கதையில்லாத ஊரில் அவ்வேலையைப் பள்ளிக்கூடம் அன்றி வேறு எது செய்யும்?

அதே நாளில் தாய்லாந்தின் மைக்காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் உலாவிக்கொண்டிருந்தாள். வயது பத்து, இடைநிலைப் பள்ளியை இன்னும் எட்டாதவள். கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரண்டு வாரத்திற்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைத்து அலறினாள். முதலில் தாய் நம்பவில்லை. தந்தை காவலரிடம் சொன்னார். கடற்கரையில் இருந்த நூறு பேரளவினர் விடுதிக்குள் ஓடினர். அக்கரையில் ஓர் உயிரும் போகவில்லை.