அடுத்தவர் காரைக் கட்டிக் கொடுத்த போர்ஷே



ஸ்டேஷன் வேகன் என்றதும் எமது ஊர்களில் ஞாபகம் வருவது கொரோலா டீஎக்ஸ் வேகனும் நிசான் ஏடீ வேகனும்தான். குடும்பமும் ஏறும், கடைச் சாமானும் ஏறும். வேகத்துக்காக யாரும் அதை வாங்குவதில்லை. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் இதே நினைப்புத்தான். அதை மாற்றிய வாகனங்களில் ஒன்று 1994 இல் வந்த அவுடி ஆர்எஸ்2 அவாண்ட். 'அவாண்ட்' என்பது அவுடி தன் வேகன்களுக்கு வைத்திருக்கும் பெயர்.

இந்தக் கார் அவுடியுடையது. ஆனால் அதைக் கட்டி முடித்தது போர்ஷே தொழிற்சாலை. ஏன் அப்படி நடந்தது என்பதில்தான் எமக்கான பாடம் இருக்கிறது.

1986 இல் போர்ஷே ஒரு வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை விற்றது. அதில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குப் போனது. பிறகு டொலரின் பெறுமதி விழுந்தது. ஜேர்மன் காரின் விலை அமெரிக்கருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1993 அளவில் விற்பனை மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. கம்பனியை யார் வாங்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் பேசத் தொடங்கின. ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசன் பகுதியில் இருந்த தொழிற்சாலையில் கைதேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் போதிய வேலை இல்லை.

முதலில் கை கொடுத்தது அயலவரான மெர்சிடிஸ். அவர்களுடைய 500ஈ என்ற காரின் அகன்ற உடல், சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசைக்குள் அடங்கவில்லை. அதனால் அந்த வேலை போர்ஷேக்கு வந்தது. ஒரு கார் இரண்டு தொழிற்சாலைகளுக்கும் இடையே போய் வந்து முடிவதற்கு 18 நாட்கள் எடுத்தன. அந்த ஒப்பந்தம் முடிவை நெருங்கியபோது, அதே கட்டடத்துக்கு ஆர்எஸ்2 வந்து சேர்ந்தது.

இதில் குடும்ப உறவும் இருக்கிறது. அவுடியை வழிநடத்தி, 1993 இல் வோக்ஸ்வேகன் குழுமத்தின் தலைவரான ஃபெர்டினாண்ட் பியெக், போர்ஷேயின் ஸ்தாபகருக்கு மகள் வழிப் பேரன். இளவயதில் போர்ஷேயில் பொறியியலாளராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் குடும்பத்தினர் எல்லோரும் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்று முடிவானபோது அவரும் வெளியேறி, பின்னர் அவுடிக்குப் போனார்.

இனி காரைப் பார்ப்போம். அடிப்படை, அவுடி 80 வேகன். எஞ்சின், அவுடியின் 2.2 லீற்றர் ஐந்து சிலிண்டர் டேர்போ. எஸ்2 என்ற மாடலில் அது 230 குதிரைவலு கொடுத்தது. போர்ஷேகாரர்கள் பெரிய டேர்போவும், பெரிய இன்டர்கூலரும், புதிய கேம்ஷாஃப்டும் போட்டு அதை 315 ஆக்கினார்கள். ஆறு கியர், நான்கு சக்கரங்களுக்கும் வலு. பிரேக், 17 அங்குல ரிம், பக்கக் கண்ணாடி எல்லாம் போர்ஷே பாணி. பிரேக்கின் மேல் போர்ஷே என்ற பெயரே எழுதப்பட்டிருந்தது.

கம்பனிக் கணக்கில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 5.4 செக்கன். உச்ச வேகம் 262 கிலோமீற்றர். பிரித்தானியாவின் 'ஓட்டோகார்' சஞ்சிகை சோதித்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 மைல் வேகத்தை 1.5 செக்கனில் தொட்டது. அந்தச் சிறு தூரத்தில், அக்காலத்தின் அதிவேகக் காரான மக்லாரன் எஃப்1 கூட இதற்குப் பின்னால்தான். அதுவும் பின் ஆசனத்தில் பிள்ளைகளை ஏற்றி, டிக்கியில் சாமான் அடுக்கக்கூடிய ஒரு காரில்!

குறையும் உண்டு. எஞ்சின் சுழற்சி 3,000ஐத் தொடும்வரை டேர்போ பெரிதாக விழிக்காது. பிறகு ஒரே தள்ளாகத் தள்ளும். முதல் வேக வேகன் இதுதான் என்றும் சொல்ல முடியாது. பிஎம்டபிள்யூ 1992 லேயே எம்5 டூரிங் என்ற வேகனைச் செய்திருந்தது. ஆனால் அந்த வகை வேகன் நிலைத்து நின்றது ஆர்எஸ்2 வழியாகத்தான். சுமார் 2,200 செய்யத் திட்டமிட்டார்கள். 2,891 செய்து முடித்தார்கள். அதற்குப் பின் ஆர்எஸ்4, ஆர்எஸ்6 என்று பரம்பரை தொடர்ந்தது. 2019 இல் வந்த ஆர்எஸ்6 அவாண்டுக்கு 600 குதிரைவலு. 100 கிலோமீற்றரை எட்ட 3.6 செக்கன். பின் ஆசனத்தை மடித்தால் 1,680 லீற்றர் இடம்.

போர்ஷேயைக் காப்பாற்றியது இந்த ஒரு கார்தான் என்று நாம் சொல்லவில்லை. 2,891 கார்களால் ஒரு கம்பனி பிழைக்காது. வெண்டலின் வீடெகிங் தலைமையில் ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்து, வேலை செய்யும் முறையையே மாற்றினார்கள். 1996 இல் பொக்ஸ்டர் என்ற கார் வந்து விற்பனையை நிமிர்த்தியது. ஆனால் அந்த நாள் வரும்வரை தொழில் தெரிந்த கைகளைச் சும்மா இருக்கவிடாமல் வைத்திருந்தது, அடுத்தவருக்காகச் செய்த இந்த வேலைகள்தான். ஒரு தேர்ந்த தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர் கையிலிருந்த வித்தையும் அவரோடு போய்விடும். பிறகு காசு கொடுத்தாலும் அது உடனே திரும்பி வராது.

உலகமே மதிக்கும் பெயரை வைத்திருந்த ஒரு கம்பனி, "மற்றவனின் பொருளை நாம் ஏன் செய்து கொடுக்க வேண்டும்?" என்று கேட்கவில்லை. செய்ததை அரைகுறையாகவும் செய்யவில்லை. தன் பெயரைப் பொறிக்கும் அளவுக்குச் சுத்தமாகச் செய்தது.

எமது ஊர்களில் எத்தனை தையல் கடைகள், தச்சுப் பட்டறைகள், கராஜ்கள் வேலை குறைந்த காலத்தில் பூட்டுப்பட்டிருக்கின்றன? எத்தனை பாஸ்மார் மெஷினை விற்றுவிட்டு வெளிநாடு போயிருக்கிறார்கள்? பக்கத்துக் கடைக்காரரின் ஓடரைப் பகிர்ந்து செய்வதைக் கௌரவக் குறைவாக நினைத்த இடங்களும் இருக்கின்றன. தொழில் ஹலாலாக இருந்தால், அது யாருடைய பெயரில் போனால் என்ன? கை பழகிக்கொண்டே இருக்கும். எமது பெயரில் செய்யும் நாள் வரும்போது அந்தக் கை தயாராக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

காரின் வேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் எமது பிள்ளைகளுக்கு, அதைக் கட்டிய கைகளின் கதையையும் சொல்லிக் கொடுப்போம்.