பாய்மரமும் பயண நாளும்

நம் குடியிருப்பின் பெயரில் மகரம் இருக்கிறது, கடல்தான் இல்லை. அம்மகரமும் கடலில் வாழும் மகரமன்று. இந்நிலத்தை உழுதுவந்து, பின்னர் அண்டை உழவர்களோடு கூடித் தம் வயல்களையே ஒரு நகரமாக்கிய மகர் குடும்பத்தாரின் பெயர் அது. மும்பைத் துறைமுகமோ சகியாத்திரி மலைத்தொடருக்கு அப்பால், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும், கடலோடிகள் புறப்பாட்டுக்கு நாள் குறித்த வரலாற்றை இம்மலரில் எழுத நாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டுக் கோவாக் கரையில் வந்திறங்கினார். அவர் புறப்பட்ட நாள் எவ்வாறு அமைந்தது என்று ஆராயப் புகுந்த நாம், ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, நம் முசிறித் துறைக்கு வந்த கப்பல்களின் கால அட்டவணையையே எழுதி வைத்திருக்கிறார். எகிப்திலிருந்து அவை நடுக்கோடையில், சிரியஸ் விண்மீன் உதிப்பதற்குச் சற்று முன்னரோ உதித்தவுடனோ புறப்படும். ஏறத்தாழ முப்பது நாளில் செங்கடல் வாயிலை அடையும். அங்கிருந்து நாற்பது நாளில் முசிறி. மிளகை ஏற்றிக்கொண்டு மீள்வது டிசம்பரில். தாமதமானாலும் ஜனவரி நடுவுக்குள் புறப்பட்டாக வேண்டும். அதற்குள் பாய் விரிக்காதவன் அவ்வாண்டுக் காற்றின் பயனை இழந்தான். பணியாட்களின் ஊதியமும் கடனின் வட்டியும் அவனுக்காகக் காத்திருக்குமோ? முசிறி வாணிகத்துக்காக எழுதப்பட்ட கடனுறுதி ஓலை ஒன்று எகிப்திலிருந்து கிடைத்திருக்கிறது; கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. அதனை நோக்குங்கால், ஒரு கப்பலின் நாளை நம்பி எத்துணைப் பொருள் கைமாறியது என்பது விளங்கும்.

இந்த அட்டவணையை எழுதியவர் பிளினியாயினும் வகுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மரக்கலத்தை இந்தியாவுக்குக் கொணரும். பின்னர் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று திருப்பி அனுப்பும். இதனை ஹிப்பாலஸ் என்னும் கிரேக்க மாலுமி கண்டறிந்ததாக மேலைநாட்டார் எழுதினர். அக்காற்றில் பிறந்து அக்காற்றில் மீன் பிடித்த கரையோர மக்கள் அதனை அறியாதிருந்தனர் என்று நம்மால் கொள்ள இயலவில்லை. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. அப்பானைகளுக்குரிய தமிழரும் காற்றுக்காகக் காத்திருந்து நாள் பார்த்தவர்களேயாவர்.

அந்நாளைக் காட்டும் பஞ்சாங்கம் வானிலேயே இருந்தது. அகத்திய விண்மீன் விடியலில் மீண்டும் தோன்றும்போது மழைக்காலம் ஓயத் தொடங்கும், கலங்கிய நீர் தெளியும் என்பது நம் நாட்டார் நெடுநாளாக அறிந்த செய்தி. அரபு மாலுமிகள் அதே விண்மீனைச் சுஹைல் என்றனர். பொதிகையில் தமிழ் வளர்த்த முனிவர் பெயர் தாங்கிய மீனையே அவர்களும் நோக்கினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ! மராட்டியக் கரையில் கோலி மீனவர் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்து அதன் பின்னரே படகிறக்குவது மரபு. நம் இல்லங்கள் பலவற்றில் ஆவணி அவிட்டம் நடைபெறுவதும் பெரும்பாலும் அதே பௌர்ணமியில்தான். இன்று மீன்பிடித் தடையை அரசு ஆணையே வரையறுக்கிறது: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

நாள் குறிப்பதில் உள்ள இடர் யாது என்பதை 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்த பந்தயம் போல் வேறெதுவும் காட்டவில்லை. தனியொருவராக, எங்கும் நில்லாது உலகைச் சுற்ற வேண்டும். ஜூன் 1க்கும் அக்டோபர் 31க்கும் இடையில் புறப்பட வேண்டும். இதுவே விதி. தென்னமெரிக்காவின் முனையாகிய ஹார்ன் முனையைத் தென்கோளத்துக் கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், கடந்தாலன்றி அங்குள்ள புயலும் பனிக்காற்றும் சிறு படகைப் பொறுக்கமாட்டா.

இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் படகு சுஹைலி. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. நீளம் 32 அடியே. அது மெதுவாகச் செல்லும் படகு என்பதை அறிந்த அவர், விரைவுப் படகினரை முந்திக்கொண்டு ஜூன் 14ஆம் நாளே ஃபால்மத் துறையை விட்டார். ஜனவரியில் ஹார்ன் முனையைக் கடந்து, 1969 ஏப்ரல் 22இல் திரும்பினார். டொனால்ட் குரோகர்ஸ்ட் என்பவரோ கடனாலும் ஒப்பந்தத்தாலும் கட்டுண்டு, படகு முற்றுப்பெறாத நிலையிலேயே கெடுவின் கடைசி நாளாகிய அக்டோபர் 31இல் புறப்பட்டார். அட்லாண்டிக்கைக் கடந்து அவர் அப்பால் செல்லவேயில்லை. அட்லாண்டிக்கில் சுற்றித் திரிந்தவாறே பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அறிவித்து வந்தார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அவர் குடும்பத்துக்கே அளித்துவிட்டார். ஒரே விதி, ஒருவருக்கு அது ஐந்து மாத வாய்ப்பாயிற்று, மற்றவருக்கு ஒற்றை நாளாகச் சுருங்கிற்று. இதில் குரோகர்ஸ்டை மட்டும் குறை கூற நமக்கு மனமில்லை. நாளைத் தள்ளிவைப்பதென்றால் வீடும் தொழிலும் போகும் என்ற நிலையில் இருந்தவர் அவர்.

இந்தியக் கொடி தாங்கிய பாய்மரப் படகொன்று முதன்முதலாக உலகைச் சுற்றியது 1985 செப்டம்பர் 28 முதல் 1987 ஜனவரி 10 வரை. படகின் பெயர் திருஷ்ணா. செலுத்தியவர்கள் தரைப்படையின் பொறியியல் பிரிவினர். அப்பிரிவின் கல்லூரி நம் புனேயின் தாபோடியிலேயே உள்ளது. தனியொருவர் சுற்ற வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தவரும் நமக்கு அண்மையில் வாழ்ந்தவரே. 1971ஆம் ஆண்டுப் போரில் பெயர்பெற்ற துணை அட்மிரல் மனோகர் அவதி, ஓய்வுக்குப் பின் பல்டணுக்கு அருகே மழை குறைந்த சிற்றூரில் குடியிருந்தவாறு இக்கனவைக் கண்டார். அதனை ஏற்றவர் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே. நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றார். கோவாவின் திவார் தீவில் இரத்னாகர் தாண்டேகர் கட்டிய மாதேயி என்னும் படகில் 2009 ஆகஸ்டு 19இல் மும்பையினின்று புறப்பட்டு, 2010 மே 19இல் மீண்டார். அதே பட்டறையில் உருவான தாரிணியில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10இல் கோவாவினின்று கிளம்பி 2018 மே 21இல் திரும்பினர்.

இந்நாட்களை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். புறப்பாடு ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில். வீடு திரும்பல் மே மாதத்தில் அல்லது அதற்கு முன். நாம் இங்கே எண்ணுவதுபோல் அவர்கள் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுவதில்லை. ஹார்ன் முனையிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். அங்கே எப்போது இருக்க வேண்டும், அதற்கு முன் நியூசிலாந்தை எப்போது விட வேண்டும், ஆஸ்திரேலியாவை எப்போது என்று கணக்கு இறங்கி வந்து, இறுதியில் கோவாவில் ஒரு கிழமையாக நிற்கிறது. மறுமுனையில் தென்மேற்குப் பருவமழை கதவடைக்கக் காத்திருக்கிறது. பாயும் கயிறும் மருந்தும் உணவும் அந்த ஒரு கிழமைக்குள் படகேறியாக வேண்டும்.

புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2இல் கோவாவை விட்டனர். இருவரே, மூன்றாமவர் இல்லை. ஃபிரிமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டுமே தங்கினர். ஹார்ன் முனையைப் பிப்ரவரி நடுவில் கடந்தனர். தென்கோளத்துக் கோடை முடிய இரு வாரமே எஞ்சியிருந்தது. 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடிவந்த அவர்களுக்கு முன்னரே அவ்வாண்டு மழை வந்துவிட்டது. வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டித் தொடங்கும் பருவமழை மே 24இல் கேரளத்தையும் 26இல் மும்பையையும் அடைந்தது. தாரிணி கோவாவை அடைந்தது 29இல்.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், முப்படையையும் சேர்ந்த பத்துப் பெண் அதிகாரிகள் மும்பை இந்திய நுழைவாயிலிலிருந்து மற்றோர் உலகச் சுற்றுக்குப் புறப்பட்டனர். அவர்களுடைய படகாகிய திரிவேணி கட்டப்பட்டது புதுச்சேரியில்.