தங்கவயல் தரும் பாடம்

பொன் விளைந்த பூமி கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்றனர். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம் மக்கள், காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறை பிளந்தனர். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் பாய்ந்ததும் அச்சுரங்கங்களுக்கே.

பொன் அருகியது, செலவு பெருகியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் கூலியை நம்பிய கடைவீதியும் களை இழந்தது. பிறந்த ஊரை விட மனமின்றி, ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பலாயினர். இரயில்வேயில் பணிபுரியும் நாம் அறிவோம்: அத்தகையோர் சம்பளத்தில் முதற்செலவு சீசன் டிக்கெட்டே.

ஒரே தொழிலை நம்பி வாழும் காலனியினராகிய நாம், நம் பிள்ளைகளுக்கு வேறொரு தொழிலும் கற்பிப்போமாக.