எல்லைப்புறத் தமிழரும் தொலைக்காட்சி நேர்காணலும்

உலக நடப்பையும் நாட்டு நிகழ்வுகளையும் விரித்துரைக்கும் தொலைக்காட்சி உரையாடலைத் தமிழர் 'நேர்காணல்' என்றும் மலையாளிகள் 'அபிமுகம்' என்றும் வழங்குவர். இரு சொற்களும் முகம் நோக்கலையே சுட்டுகின்றன. ஆயினும் கேரள எல்லைப்புறத் தமிழர் நெடுங்காலம் அவற்றைக் காண்போராகவே இருந்தனர்.

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் பாலக்காட்டுச் சித்தூரும், இன்று இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் 1985இல் திருவனந்தபுரத்தில் மலையாளத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கின. 1993இல் சன், ஏசியாநெட் ஆகிய தனியார் அலைவரிசைகள் தோன்றின. 2011இல் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றியபோது, ஒரே அணை தமிழ் நேர்காணல்களில் பாசன உரிமையாகவும் மலையாள நேர்காணல்களில் உயிரச்சமாகவும் பேசப்பட்டது.

2015 செப்டம்பரில் இந்நிலை மாறிற்று. மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், தொழிற்சங்கங்களை விலக்கிவிட்டு, 20 விழுக்காடு போனசும் 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக உயர்த்தலும் வேண்டிப் போராடினர். மலையாள அலைவரிசைகள் அவர்களிடம் வினா எழுப்பின. தமிழும் மலையாளமும் விரவிய பேச்சில் அவர்கள் விடையிறுத்தனர்.

அவர்தம் இயக்கப் பெயர் 'பெம்பிளை ஒருமை' என்பது. 'ஒருமை' தமிழிலக்கணத்தில் எண்ணைக் குறிக்கும். மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும். இப்பெயர் இரு மொழியார்க்கும் விளங்கிற்று. போனஸ் கோரிக்கை நிறைவேறியது. கூலி 301 ரூபாயாயிற்று. கலப்பெனக் குறைகூறப்படும் எல்லைப் பேச்சு, பொதுவெளியில் உரிமை கோரும் மொழியாகவும் நிற்கும் என்பதற்கு இந்நேர்காணல்கள் சான்றாகும்.